‘சீன்’ என்பது காட்சி மட்டுமன்று

ஆசிரியருக்கு,

‘சீன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் ‘காட்சி’ என்று மட்டும் பொருள் தந்த தங்கள் ஞாயிறு இணைப்புக் குறிப்பு, அச்சொல்லின் பிறப்பைச் சொல்லாமல் விட்டது பெருங்குறை. கிரேக்கத்தில் ‘ஸ்கேனே’ என்றால் கூடாரம். நடிகர்கள் உடை மாற்ற ஆடுகளத்தின் பின்னே எழுப்பிய கொட்டகைக்கு வழங்கிய அப்பெயரே நாளடைவில் மேடைக்கும், அதில் நிகழும் காட்சிக்கும் ஆகி, இன்று பகட்டுக் காட்டுபவரைச் ‘சீன் போடுகிறார்’ என்று நாம் சொல்வது வரை வந்திருக்கிறது.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில், அரண்மனையும் காடும் தீட்டிய திரைகளை மூங்கிலில் ஏற்றும்போது, ‘சீன் கட்டியாச்சா?’ என்றுதான் பெரியவர்கள் கேட்பார்கள். அங்கே சீன் என்றால் திரைச்சீலை. புகார் நகரின் அரங்கைப் பாடும் சிலப்பதிகாரம், திரையை எழினி என்று அழைத்து மூவகை சொல்கிறது. டெல்டா நாடகக் கலைஞர்களின் சொல்வழக்குகளையும் கேட்டுச் சேர்த்து, அக்குறிப்பை விரிவாக மீண்டும் வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், மயிலாடுதுறை