சனி இரவிலிருந்து புதன் இரவு வரை

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழகங்களில் போதை பெருகிவிட்டது என்று பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். ஐஸ், கஞ்சா, மாத்திரை என்று பட்டியல் நீள்கிறது. ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் 28 ஆண்டுகள் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் கதை அந்தப் பட்டியலில் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை, இரவு பதினொரு மணிக்கு மேல் அவள் தொலைபேசியில் அழைத்தாள். தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான அவர்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை. விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள். தண்ணீர்ச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. சனிக்கிழமை இரவு பிறந்தநாள் கொண்டாட்டம், குடி, காதலன். இருவருக்கும் விருப்பம்தான், ஆனால் ஆணுறை இல்லை. "இப்போது என்ன செய்வது டீச்சர்?"

அவசர கருத்தடை மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும், பாமசியிலேயே வாங்கலாம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தைத் தொடங்குவதற்கும் அதே 72தான். எண்ணிப் பார்த்தேன்: 96 ஆகிவிட்டது. ஐந்து நாட்களுக்குள் கருப்பைக்குள் வைக்கும் லூப் என்ற கருத்தடைச் சாதனத்தைப் பொருத்தினாலும் கர்ப்பத்தைத் தடுக்கலாம் என்று தெரிந்த வைத்தியர் ஒருவர் சொன்னதால், வியாழன் காலை அவளைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். நல்லவேளை, தப்பினாள். பிந்திப் போயிருந்தால்? தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பு குற்றம் என்கிறது இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை. அப்படிப் பிந்தியவர்கள் யாரைத் தேடிப் போகிறார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

தவறணையிலிருந்து தள்ளாடி வரும் தகப்பனைப் பார்த்து வளர்ந்தவள் அவள். குடியின் வாடையே ஆகாது. பிறகு எப்படி என்று பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன். மாதக்கணக்கில் நித்திரை இல்லையாம். ஆலோசகரிடமும் போயிருக்கிறாள். "மனசு கனக்கிறது என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை டீச்சர். தலைவலி என்று சொல்லிவிட்டேன்." பனடோல் குடித்துவிட்டுப் படுக்கச் சொன்னார்களாம். முதன்முதலாகக் குடித்த அன்றுதான் விடியும்வரை தூங்கியிருக்கிறாள். பரீட்சைக்குத் தேவையான சிங்களமும் ஆங்கிலமும் அவளிடம் இருந்தன. அழுவதற்குத் தமிழ்தான் இருந்தது. மலையகப் பிள்ளைகள் படிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தமிழில் கேட்கக்கூடிய ஓர் ஆலோசகரையாவது நியமிக்கச் சொல்வது பெரிய கோரிக்கையா?

அதுவரை நாமும் கொஞ்சம் செய்யலாம். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர்களுக்குத் தோட்டந்தோறும் பாராட்டு விழா நடத்துகிறோம். மாலை, பொன்னாடை, இரண்டரை மணி நேர அரசியல் பேச்சு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு நடு இரவிலும் அழைக்கலாம் என்றோ, அரசாங்க ஆஸ்பத்திரிகளின் பாலியல் நோய் சிகிச்சைப் பிரிவில் காசு வாங்காமல், விஷயத்தை வெளியில் விடாமல் பார்ப்பார்கள் என்றோ அந்த மேடையில் ஒருவரும் சொல்வதில்லை.

இந்த முறை எங்கள் தோட்ட விழாவில் குடும்ப நல உத்தியோகத்தருக்கு அரை மணி நேரம் கேட்டிருக்கிறேன். செயலாளர் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு சம்மதித்தார். மறுநாள் வீட்டுக்கே வந்து, "அந்தப் பேச்சு நடக்கும்போது மட்டும் ஆம்பிளைப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடலாமா டீச்சர்?" என்று கேட்டார். அவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஹட்டன்.