முடி முளைக்கும்னு விக்கிற எண்ணெயை யார்தான் கேக்கிறது? மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மருந்து கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

பாப்பா பொறந்து மூணாவது மாசம் எனக்கு முடி கொட்ட ஆரம்பிச்சுது. தலைக்கு குளிச்சா பாத்ரூம் தண்ணி போற சல்லடையில சுருண்டு அடைச்சுக்கும், தண்ணி போகாது, பால் குடிக்கிறப்ப பாப்பா விரல்ல கூட என் முடி சுத்திக்கும், பார்த்தாலே அழுகை வரும். போர் தண்ணி உப்புன்னாங்க அம்மா. நான் போன்ல வந்த விளம்பரத்தை நம்பி மூலிகை எண்ணெய் 3 பாட்டில் 2,400 ரூபாய்க்கு வாங்கினேன், 90 நாள்ல புது முடின்னு போட்டிருந்துச்சு.

எட்டு மாசம் கழிச்சுதான் ஜிஎச் தோல் ஓபிக்கு போனேன். "கொட்ட ஆரம்பிக்கிறதுக்கு மூணு மாசம் முன்னாடி என்னம்மா நடந்துச்சு?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. பிரசவம், டெங்கு, டைபாய்டு, பட்டினி டயட் இதுல எது வந்தாலும் நிறைய முடிவேர் ஒண்ணா ஓய்வுக்கு போயிடுமாம், 2-3 மாசம் கழிச்சு மொத்தமா உதிருமாம், பெரும்பாலும் தானாவே திரும்ப வளருமாம். அப்படி தானா வளர்ற முடிக்குத்தாங்க எண்ணெய்க்காரங்க பேர் வாங்கிக்கிறாங்க! எனக்கு வளராம நின்னதுக்கு காரணம் ரத்தசோகை, ஹீமோகுளோபின் 8.6 தான் இருந்துச்சு. இரும்புச்சத்து மாத்திரைக்கு அப்புறம்தான் வகிட்டோரமா குட்டி குட்டி முடி எட்டிப் பார்த்துச்சு.

என் தம்பி கதை வேற. 25 வயசு, நெத்தி ஏறிக்கிட்டே போகுது, அது பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்து வேரை சுருக்குறது. அதுக்கு மினாக்ஸிடில், ஃபினாஸ்டிரைடுன்னு டாக்டர் பார்த்து குடுக்கிற மருந்து இருக்கு, சீக்கிரம் ஆரம்பிச்சாதான் இருக்கிறதையாவது காப்பாத்தலாம், பலன் தெரியவே மாசக்கணக்கா ஆகும். அவன் ஒன்றரை வருஷத்தை எண்ணெய்லயே விட்டுட்டான். பக்கத்து வீட்டுப் பையனுக்கு புழுவெட்டு, அதுல புழுவே கிடையாது, உடம்போட எதிர்ப்பு சக்தியே முடிவேரைத் தாக்குறது, அவனுக்கு வெங்காயத்தை தேய்ச்சு தேய்ச்சு தோலே புண்ணாயிடுச்சு.

மருந்து விதிகள்ல ஜே அட்டவணைன்னு ஒண்ணு இருக்கே, குணப்படுத்துறேன்னு சொல்லி மருந்து விக்கக் கூடாத பட்டியல், அதுல வழுக்கையும் இருக்கு, புதுசா முடி வளர வைக்கிறதும் இருக்கு. இது வெறும் எண்ணெய்தான்னு அவங்க சொன்னா விட்டுடாதீங்க, முடி உதிர்வுக்கு சிகிச்சைன்னு சொல்லி வித்தா அது மருந்துதானே?

ஆன்லைன்ல விக்கிறதை வாங்கி லேபிளைப் பாருங்க, சோதனைக்கு அனுப்புங்க. என்கிட்ட ஒரு பாட்டில் பிரிக்காம இருக்கு, லைசென்ஸ் நம்பரே இல்ல. எந்த ஆபீஸ்னு சொல்லுங்க, நானே கொண்டு வந்து தரேன்.