நிற்கிற வண்டியை மட்டும் படம் பிடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஃப்-ரோடு வண்டிகளை உயர்த்தி, பெரிய டயர் மாட்டுவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ஒரு படத்தில்கூட வண்டி ஓடவில்லை, எல்லாமே சமதரையில் நிறுத்தி வைத்து எடுத்தவை. கட்டுரையும் அப்படியேதான், வண்டி எத்தனை அங்குலம் உயர்ந்தது என்பதோடு முடிந்துவிட்டது. நான் வீல் அலைன்மென்ட் வேலை பார்க்கிறவன். இப்படி உயர்த்திய வண்டிகள் ஆடுகிறது, இழுக்கிறது, உரசுகிறது என்று கடைசியில் வந்து சேருவது எங்களிடம்தான் என்பதால், விட்டுப்போனதை எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் டயர். லிஃப்ட், அதாவது ஸ்பிரிங் பக்கத்தில் வண்டியை உயர்த்துகிற சாமான், போட்டால் வண்டிக்கு அடியில் இடைவெளி கூடும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், அது பாதிதான் சரி. இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஆக்சில் ஒரே கட்டையாக இருக்கிற வண்டியில் மிகத் தாழ்வான இடம் டிஃப்பரன்ஷியல் குடம், இன்ஜின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி. ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேஸி மேலே போகும், பாடி மேலே போகும், குடம் இருந்த இடத்திலேயே இருக்கும், ஏனென்றால் அது சக்கரத்தோடு போகிற சாமான். 75 மில்லிமீட்டர் லிஃப்ட் போட்டாலும் பாறையில் இடிக்கிற குடம் அதே உயரத்தில்தான் இடிக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் விட்டம் கூடியதில் பாதி அளவுக்கு. உதாரணமாக 245/75 ஆர்16 டயரின் (அகலம் 245 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 75 சதவீதம், ரிம் 16 அங்குலம்) விட்டம் சுமார் 774 மி.மீ. அதை எடுத்துவிட்டு 285/75 ஆர்16 போட்டால் 834. வித்தியாசம் 60, குடத்துக்குக் கிடைப்பது 30. இவ்வளவுதான் கணக்கு. முன்னால் ஏறுகிற கோணம், பின்னால் இறங்குகிற கோணம், நடுவில் மேடு தட்டாமல் தாண்டுவது, இதற்கெல்லாம் லிஃப்ட் உதவும், மறுக்கவில்லை. எது எதற்கு என்று தெரிந்து செலவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் என்னிடம் கேட்பவர்களிடம் டயர் அளவை முதலில் முடிவு செய்யச் சொல்வேன். அந்த டயர் உரசாமல் சுற்ற எவ்வளவு குறைந்த லிஃப்ட் போதுமோ அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கிடைத்த லிஃப்ட் கிட்டை மாட்டிவிட்டு, இப்போது மட்கார்டுக்குள் இடம் நிறைய தெரிகிறதே, இன்னும் பெரிய டயர் போடலாமே என்று இறங்குகிறார்கள்.

இங்கேதான் நிற்கிற வண்டி ஏமாற்றுகிறது. லிஃப்ட் மாற்றுவது சக்கரம் ஓய்வாக இருக்கிற நிலையை மட்டும். குழியில் விழுந்து ஸ்பிரிங் முழுசாக அமுங்கும்போது சக்கரம் எதுவரை மேலே வரும் என்பதைத் தீர்மானிப்பது பம்ப் ஸ்டாப் என்கிற அந்த ரப்பர் கட்டை. அதை மாற்றாமல் விட்டால், லிஃப்ட் போட்ட பிறகும் சக்கரம் முன்பு எதுவரை ஏறியதோ அதுவரை ஏறும், இந்த முறை விட்டத்தில் 60 மி.மீ. பெரிதாகவும் அகலத்தில் 40 மி.மீ. கூடுதலாகவும் ஏறும். சமதரையில் நான்கு விரல் இடைவெளி இருந்த வண்டிதான், ஒரு பக்கம் மேட்டில் ஏறி ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்ததும் உள்பக்க பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வருகிறது. டயர் தோளில் பளபளவென்று தேய்ந்த கோடு, உள்ளே இருக்கிற ஒயரிங் கட்டில் கறுப்புப் பொடி. இவை இரண்டையும் பார்த்தால் போதும், வேறு சாட்சி வேண்டாம்.

சரியாகச் சோதிக்க ஒரே வழிதான் உண்டு. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை மாட்டி, ஜாக்கியால் அதை மேலே முழுசாக ஏற்றி, கீழே முழுசாக இறக்கி, இரண்டு நிலையிலும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்ப்பது. நேரம் பிடிக்கிற வேலை, அதனால்தான் யாரும் செய்வதில்லை. செய்யும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது பிரேக் ஹோஸ். சக்கரம் முழுசாகத் தொங்கும்போது ஹோஸ் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றால் அது ஒருநாள் அறுந்துபோகும், அறுவதும் கரடுமுரடான இறக்கத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதாகத்தான் இருக்கும். நீளமான ஹோஸ் பெரிய செலவே இல்லை. ஏ.பி.எஸ். சென்சார் ஒயர், டிஃப்பரன்ஷியல் மூச்சுவிடுகிற பிரீதர் குழாய் இவையும் அதே கதைதான், இழுபடாமல் இருக்கிறதா என்று ஒருமுறை கைவைத்துப் பார்த்துவிடலாம்.

பிரேக் என்றதும் இன்னொன்று, இது பலருக்குத் தெரிவதே இல்லை. நிறைய பிக்கப்புகளிலும் சில எஸ்.யூ.வி.க்களிலும் பின் ஆக்சிலுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு கம்பியோடு சின்ன வால்வு ஒன்று இருக்கும். பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழும், கம்பி அசையும், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டி காலியாக இருந்தால் பின்பக்கம் உயரமாக நிற்கும், அழுத்தம் குறையும், பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. இப்போது லிஃப்ட் போட்டுப் பின்பக்கத்தை உயர்த்திவிட்டீர்கள். வண்டி எப்போதுமே காலியாக இருக்கிறது என்று அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். குடும்பத்தோடு சாமான் ஏற்றிப் போகும்போதும் பின் பிரேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும். கம்பியின் பிராக்கெட்டை லிஃப்ட் அளவுக்கு ஏற்ப மாற்றிவைத்தால் தீர்ந்தது. செய்தார்களா என்று கேட்டால், அப்படி ஒன்று இருக்கிறதா என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

அத்தோடு பெரிய டயரே பிரேக்கின் பலத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். டயரின் ஆரம் கிட்டத்தட்ட 8 சதவீதம் கூடினால், பெடலை அதே அழுத்தம் அழுத்தும்போது தரையில் கிடைக்கிற பிடிப்பு விசை ஏறக்குறைய அதே அளவு குறையும். டயரின் கூடுதல் எடை தனி. அது சுழல்கிற எடை, கிளப்பவும் கஷ்டம், நிறுத்தவும் கஷ்டம்.

அப்புறம் கியர். டிஃப்பரன்ஷியலில் 4.10 விகிதம், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற உள்ளே வருகிற ஷாஃப்ட் 4.10 முறை சுற்றுவது, இருக்கிற வண்டியில் நான் மேலே சொன்ன டயரை மாட்டினால், அது 3.80 போட்ட மாதிரி நடந்துகொள்ளும். ஏற்றத்தில் இழுவை இல்லை, டாப் கியரில் திணறுகிறது, ஆட்டோமேட்டிக் என்றால் கியர் மாறி மாறித் தடுமாறுகிறது. லோ ரேஞ்ச் என்கிற மெதுவான கியர் வரிசையில் பாறை ஏறும்போது மெதுவாக ஊர்ந்து போகிற அந்தச் சுகமும் குறையும், ஆஃப்-ரோடுக்கு அதுதான் முக்கியம். பழைய குணம் திரும்ப வேண்டுமானால் டிஃப்பரன்ஷியலுக்குள் இருக்கிற கிரவுன் பினியன் பல்சக்கர ஜோடியை 4.4 பக்கமாக மாற்ற வேண்டும், ஃபோர் வீல் டிரைவ் என்பதால் முன்னும் பின்னும் இரண்டையும். ஒரு அளவு மட்டும் பெரிதாக்குகிறவர்களுக்கு இது தேவைப்படாது. அதற்கு மேலே போகிறவர்கள் டயர் செலவோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போடட்டும்.

ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். முள் 100 காட்டும்போது வண்டி 107 அல்லது 108-இல் போய்க்கொண்டிருக்கும். ஓடோமீட்டரும் குறைத்துத்தான் எண்ணும். மைலேஜ் பயங்கரமாக விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு விழுந்தது உண்மைதான், ஆனால் அதில் ஒரு பங்கு மீட்டர் குறைத்து எண்ணியதால் வருவது. ஆயில் மாற்றுவதும் அதனால் தள்ளிப்போகும். புதிய வண்டிகளில் டயர் அளவை கம்ப்யூட்டரில் திருத்த முடியும். கேட்டுப் பெறுங்கள்.

இனி எங்கள் வேலைக்கு வருகிறேன். கட்டையான முன் ஆக்சில் உள்ள வண்டியை உயர்த்தினால் கேஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்புகிற அச்சு பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிற அளவு, குறைந்துவிடும். கேஸ்டர்தான் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டதும் தானாக நேருக்கு வரவைப்பது, நெடுஞ்சாலையில் வண்டியை நேராகப் பிடித்துவைப்பது. அது குறைந்தால் வண்டி சாலையில் அலையும், ஓட்டுகிறவர் விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கிற பான்ஹார்டு ராடை மாற்றாவிட்டால் ஆக்சில் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கும். ஸ்டியரிங் இணைப்பு ராடின் சாய்வு கூடுவதால் பள்ளம் மேட்டில் ஸ்டியரிங் தானாக வெட்டும். இவற்றோடு தேய்ந்த புஷ்ஷும் (இணைப்புகளில் இருக்கிற ரப்பர்) பால் ஜாயின்ட்டும் (சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டு) சேர்ந்தால், ஒரு வேகத்தில் முன் சக்கரங்கள் இரண்டும் வெறிபிடித்தமாதிரி ஆடத் தொடங்கும், பிரேக்கை மிதித்து நிறுத்தும் வரை ஓயாது. அனுபவித்தவர்களுக்குத் தெரியும் அந்த பயம்.

முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்குகிற அமைப்பு, என்றால் பிரச்சினை வேறு. அங்கே பெரும்பாலும் ஸ்பிரிங்கோடு இருக்கிற ஷாக் அப்சார்பருக்கு மேலே ஸ்பேசர் என்கிற ஒரு கட்டையை வைத்து முடித்துவிடுகிறார்கள். ஸ்பேசர் 25 மி.மீ. என்றால் சக்கரத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரம் கிடைக்கும், சக்கரத்தைத் தாங்குகிற இரண்டு கைகளில் கீழ்க்கையின் நடுவில் ஷாக் மாட்டியிருப்பதால். கூடவே சக்கரம் தொங்குகிற தூரமும் கூடிவிடும், பால் ஜாயின்ட் தன் எல்லையைத் தாண்டி வளையும், மேல்க்கை ஸ்பிரிங்கில் இடிக்கும். சில வண்டிகளில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கிற டார்ஷன் பார் என்கிற கம்பியை முறுக்கி ஏற்றுவது இன்னும் சுலபம், இன்னும் மோசம்: வண்டி உயரும், ஆனால் சக்கரம் கீழே இறங்க இடமே இருக்காது, சின்னக் குழிக்கும் டமார் என்று அடிக்கும். இரண்டு வகையிலும் சக்கரத்தைச் சுழற்றுகிற டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கூடும். ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டை மூடியிருக்கிற ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும், கிரீஸ் வட்டமாகச் சக்கரத்தின் உள்பக்கம் தெறித்திருக்கும். அதைப் பார்த்தபிறகும் ஓட்டினால் மணல் உள்ளே போய் ஜாயின்ட்டே போய்விடும். இதைத் தவிர்க்க டிஃப்பரன்ஷியலைக் கீழே இறக்குகிற பிராக்கெட் விற்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் இந்த வகை வண்டியில் லிஃப்ட் போட்டால் சேஸியில் மாட்டியிருக்கிற டிஃப்பரன்ஷியலும் சேர்ந்து உயரும், அதைத் திரும்ப இறக்கிக்கொண்டால் கிடைத்த இடைவெளியில் பாதி போய்விடும்.

கவிழ்வதைப் பற்றி உங்கள் கட்டுரை ஒரு வரிகூட எழுதவில்லை. இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை, எடை மையத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கால் வகுத்தால் வருகிற எண்ணை வைத்துத்தான் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு வண்டிகளின் கவிழும் அபாயத்தை மதிப்பிடுகிறது. எண் குறையக் குறைய ஆபத்து கூடும். 1500 மி.மீ. தூரமும் 700 மி.மீ. உயர எடை மையமும் இருந்தால் 1.07. எடை மையம் 75 மி.மீ. ஏறினால் 0.97. தாளில் சின்ன வித்தியாசம்தான். ஆனால் திடீரென்று குறுக்கே வந்ததைத் தவிர்க்க ஸ்டியரிங்கை வெட்டுகிற அந்த நொடியில் சின்னதாக இருக்காது. மேலே லக்கேஜ் கேரியர், கூடாரம், தண்ணீர் கேன் என்று ஏற்றியிருந்தால் இன்னும் மோசம். சக்கரத்தை வெளியே தள்ளுகிற ரிம் போட்டு அகலத்தைக் கூட்டலாம், ஓரளவு ஈடாகும், பேரிங் சீக்கிரம் தேயும் என்பதையும் ஏற்றுக்கொண்டால்.

மீதி சின்ன விஷயங்கள். ஹெட்லைட் கோணத்தைத் திருத்தாவிட்டால் எதிரே வருகிறவர் கண்ணில்தான் வெளிச்சம் விழும். முன் கண்ணாடியில் கேமரா, பம்பரில் ரேடார் இருக்கிற வண்டிகளில் அவற்றையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும். ஸ்டெப்னியும் அதே பெரிய அளவில் இருக்க வேண்டும், ஃபோர் வீல் டிரைவில் அளவு மாறிய டயரோடு ஓட்டினால் முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் பாழாகும். ஆனால் அந்தப் பெரிய ஸ்டெப்னி பழைய இடத்தில் நுழையாது, ஜாக்கியும் எட்டாது, இது பஞ்சர் ஆகிற அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிகிறது. டயரின் லோடு இன்டெக்ஸ் பழையதைவிடக் குறையாமல் பாருங்கள்: 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ, 108 என்றால் 1000 கிலோ தாங்கும். பதிவு, காப்பீட்டு விதிகள் இடத்துக்கு இடம் மாறுபடும், மாட்டிய பிறகு கேட்பதைவிட மாட்டுவதற்கு முன் கேட்பது நல்லது.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் லிஃப்ட்டுக்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். 40, 50 மி.மீ. லிஃப்ட், ஒரு அளவு பெரிய ஆல்-டெரெய்ன் டயர் (ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவானது), அதற்கேற்ற ஷாக், நீண்ட பிரேக் ஹோஸ், நல்ல அலைன்மென்ட். இப்படிக் கட்டிய வண்டி காட்டிலும் நன்றாகப் போகும், ரோட்டிலும் மரியாதையாக நடந்துகொள்ளும். உண்மையில் பாதிப் பேருக்கு இதுவும் வேண்டாம். மணலிலும் கற்களிலும் டயர் காற்றை 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 20-க்கு இறக்கினாலே டயர் தரையில் பதிகிற நீளம் கூடி, பெரிய டயரில் எதிர்பார்த்த பிடிப்பில் நிறைய கிடைத்துவிடும். திரும்ப ரோட்டுக்கு வந்ததும் காற்று நிரப்பிக்கொள்ள ஒரு கம்ப்ரஸர் இருந்தால் போதும்.

அடுத்த முறை இப்படி ஒரு வண்டியைப் பற்றிப் போடும்போது, படத்துக்குப் பக்கத்தில் அலைன்மென்ட் சீட்டையும் போடுங்கள், லிஃப்ட்டுக்கு முன்னும் பின்னும். கேஸ்டர் எவ்வளவு இருந்தது, எவ்வளவு ஆனது என்று ஒரு வரி. முடிந்தால் ஒரு சக்கரம் மேட்டில் ஏறி, ஸ்டியரிங் முழுசாகத் திரும்பி நிற்கிற படம் ஒன்றும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்