டாஷ்போர்டுக்குள்ளேயே எழுதி வையுங்கள்: நெல்லைச் சீமையில் சைட் செய்து கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, அம்பை, தென்காசி என்று நம் பக்கமெல்லாம் உட்கார்ந்து கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் சைட் செய்து கொடுக்கும் அண்ணாச்சிமாரே, தம்பி தங்கைமாரே,

நானும் உங்களில் ஒருத்தன்தான். பத்து வருஷத்துக்கு மேல் இதே பிழைப்பு. சைட்டை முடித்ததும் யூசர்நேம், பாஸ்வேர்டைக் கொடுத்து, கூடவே 38 பக்க பிடிஎஃப் ஒன்றை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு, மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அந்த பிடிஎஃபை யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. எழுதிய நானே ஒரு தடவைக்கு மேல் படித்ததில்லை.

போன வருஷம் பத்தமடையில் கோரைப்பாய் விற்கும் ஒரு சின்னக் கடைக்கு சைட் போட்டேன். பெரிய ஷாப்பிங் பிளக்இன் (வேர்ட்பிரஸோடு சேர்க்கிற துணை மென்பொருள்) எதற்கு என்று, விலை போட நானே ஒரு பெட்டி செய்து வைத்திருந்தேன். கடையில் கணக்கு பார்க்கும் அக்கா அதில் 1,250 என்று கமாவோடு அடித்துவிட்டார். பில் புக்கில் அவர் எப்போதும் எழுதுகிற மாதிரிதான். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பிஎச்பி மொழி அதை எண்ணாக மாற்றும்போது கமா வந்த இடத்தோடு நின்றுவிடும். 1,250 வெறும் 1 ஆகிப்போனது. அன்றைக்கு ராத்திரியே சென்னையிலிருந்து ஒருத்தர், ஒரு ரூபாய் வீதம் மூன்று பாய் ஆர்டர் போட்டிருந்தார். அந்தப் புண்ணியவானை நான் குறை சொல்ல மாட்டேன். நானாயிருந்தால் பத்துப் பாய் போட்டிருப்பேன்.

கமாவை ப்ரோகிராமிலேயே கழித்திருக்க வேண்டும், அது என் தப்பு. அன்றைக்கே சரிசெய்துவிட்டேன். ஆனால் அக்கா போனில் கேட்டது மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. “தம்பி, அந்தப் பெட்டியில என்ன போடணும்னு பெட்டிக்குப் பக்கத்துலயே எழுதிப் போட்டா என்ன? நான் ஏன் உங்கள ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடுதேன்?”

மறுநாள் நேரிலேயே போனேன். மானிட்டருக்குப் பக்கத்தில் அட்டை கிழிந்த நோட்டு ஒன்று கிடந்தது. அதற்கு முந்தின மாதம் நான் சொல்லிக் கொடுத்ததை அவர் பாஷையில் எழுதி வைத்திருந்தார். “நீலப் பட்டனை அமுக்குனா ஊருக்கே தெரியும். அமுக்கும் முன்ன வெலையப் பாரு.” “குப்பைத் தொட்டியில போட்டது ஒரு மாசம் கெடக்கும், பதறாண்டாம்.” இன்னொரு பக்கத்தில் “இதத் தொடாத” என்று எழுதி அடியில் மூன்று கோடு. எது என்று கேட்டேன். இடப்பக்க மெனுவில் செட்டிங்ஸாம்.

என் 38 பக்கத்தில் இருந்த சரக்கெல்லாம் அந்த ஒன்றரைப் பக்கத்தில் இருந்தது. குப்பைத் தொட்டிக் கணக்குகூடச் சரிதான். வேர்ட்பிரஸ் அதை 30 நாள் வைத்திருந்துதான் அழிக்கும். அந்த வரிகளை அப்படியே எடுத்து டாஷ்போர்டுக்குள், அதாவது அக்கா உள்ளே நுழைந்து வேலை செய்யும் திரைக்குள், போட்டேன். இந்த மடலே அதைச் சொல்லத்தான்: குறிப்பு, வேலை செய்கிறவர் கை நிற்கிற இடத்தில் இருக்கட்டும், அவருடைய வார்த்தையிலேயே இருக்கட்டும்.

செய்வது பெரிய வித்தையும் இல்லை. உள்ளே நுழைந்ததும் தெரியும் முதல் பக்கத்தில் நமக்கென ஒரு விட்ஜெட், அதாவது ஒரு சின்னக் கட்டம், வைக்க வேர்ட்பிரஸிலேயே வழி இருக்கிறது. அதில் ஐந்தாறு வரி, சிக்கினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு போன் நம்பர், போதும். தலைப்பு அடிக்கும் இடத்தில் மங்கலாகத் தெரிகிற வாசகத்தையும் ஃபில்டர் என்கிற சின்ன ப்ரோகிராம் துண்டு ஒன்று போட்டு மாற்றிக்கொள்ளலாம். அங்கே இப்போது “பாயின் பெயர், அளவு: கோரைப்பாய் 6க்கு 4 என்பது போல” என்று நிற்கிறது. அதை வைத்த வாரத்திலிருந்து தலைப்பில் குழப்பமே இல்லை.

மேலே வலது மூலையில் ‘ஹெல்ப்’ என்று ஒரு தாவல் தொங்குமே, 2011 டிசம்பரில் வந்த 3.3 பதிப்பிலிருந்து அதில் நம் சொந்தக் குறிப்புகளை வரிசையாக அடுக்க முடியும். நான் முதலில் எல்லாவற்றையும் அங்கேதான் கொண்டுபோய்க் கொட்டினேன். அக்கா ஒரு நாள்கூட அதைத் திறக்கவில்லை. அங்கே ஒன்று இருப்பதே அவர் கண்ணில் படவில்லை. போதாததற்கு, 2018 டிசம்பரில் 5.0 வந்து பிளாக் எடிட்டர் என்ற புது எழுதும் திரை ஏறிய பிறகு, எழுதுகிற பக்கத்தில் அந்தத் தாவலே தெரிவதில்லை. அதை நம்பாதீர்கள். அந்தந்தப் பெட்டிக்குக் கீழேயே ஒரு வரி, இதுதான் எனக்குப் பலித்தது.

தமிழ் முகவரி விஷயம் ஒன்று, நம்மில் பாதிப் பேர் கவனிப்பதில்லை. தலைப்பைத் தமிழில் அடித்தால் அந்தப் பக்கத்தின் இணைய முகவரியும் தானாகத் தமிழில் உண்டாகும். உள்ளே ஒவ்வொரு எழுத்துக் குறியும் மூன்று பைட், அது சதவீதக் குறியோடு எழுதப்படும்போது ஒன்பது இடம் பிடிக்கும். முகவரிக்கு மொத்தம் 200 இடம்தான். கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறி என்பதால் 22 குறியோடு தீர்ந்துவிடும். ‘பத்தமடை கல்யாணக் கோரைப்பாய்’ என்று அடித்துப் பாருங்கள், முகவரியில் ‘கோரைப்ப’ என்று பாய் பாதியில் அறுந்து நிற்கும். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் முழ நீளத்துக்கு ஈயும் ஏயும் சதவீதமும். அக்கா அதை வைரஸ் என்றே நினைத்திருந்தார். இப்போது முகவரிப் பெட்டிக்குக் கீழே: “இங்கே மட்டும் இங்கிலீஷில், சின்னதாக, இடைவெளிக்குப் பதில் கோடு போட்டு.” அவ்வளவுதான்.

கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரைச் சேர்த்து நெய்து கொடுப்பார்கள், தெரியும்தானே. அந்தப் பெயர்ப் பெட்டிக்கு நான் எழுதியிருந்தது “பெயர்களை உள்ளிடவும்”. அக்கா அதைப் படித்துச் சிரித்துவிட்டார். “பெயர உள்ளிடாம வெளியவா இடுவாங்க?” அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது: “பத்திரிகையில் உள்ள எழுத்துப்படியே போடவும். தறியில் ஏறிய பிறகு மாற்ற முடியாது. சந்தேகம் இருந்தால் வீட்டுக்காரர்களிடம் போனில் ஒரு தடவை கேட்கவும்.” தறியில் ஏறினால் மாற்ற முடியாது என்பது எனக்கு எங்கே தெரியும்? எந்தப் பெட்டியில் தப்பினால் எவ்வளவு நஷ்டம் என்பது அந்த வேலையில் இருப்பவருக்குத்தான் தெரியும். நமக்குத் தெரிந்தது பெட்டி மட்டும்.

ஆர்வக் கோளாறில் நான் செய்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016 டிசம்பரில் வந்த 4.7லிருந்து ஆளுக்கு ஆள் மொழி மாற்றிக்கொள்ளலாமே என்று, அவருடைய திரையை முழுக்கத் தமிழாக்கிவிட்டேன். மறுநாளே “பழசையே வையுங்க தம்பி” என்றார். அவர் பட்டனைப் படித்து அமுக்கவில்லை. இடத்தையும் நிறத்தையும் பார்த்து அமுக்குகிறார். பட்டன் இங்கிலீஷிலேயே கிடக்கட்டும், பக்கத்துக் குறிப்பு தமிழில் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். (நிறத்தைச் சொல்லிக் குறிப்பு எழுதுகிறவர்கள், ப்ரொஃபைலில் கலர் ஸ்கீமை யாரும் மாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீலம் போனால் அக்காவும் போச்சு.)

மேலே பட்டையாக வரும் நோட்டீஸில் குறிப்பு போடுவதை நான் விட்டுவிட்டேன். ஒவ்வொரு பிளக்இன்னும் அங்கே வந்து “எனக்கு ஸ்டார் போடு, புரோ வாங்கு” என்று கத்துகிறது. ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதியில் நின்று மெதுவாகப் பேசினால் யார் காதில் விழும்?

இந்தக் குறிப்புகளுக்கான ப்ரோகிராமை, சைட்டின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமின் ஃபங்க்‌ஷன்ஸ் ஃபைலில் எழுதாதீர்கள். நாளைக்கு இன்னொருத்தர் தீமை மாற்றினால் எல்லாம் அதோடு போய்விடும். தனியாக ஒரு சின்ன பிளக்இன்னாகச் செய்து எம்யூ பிளக்இன்ஸ் (கட்டாயம் ஓடும் பிளக்இன்கள்) ஃபோல்டரில் போட்டால், பிளக்இன் பக்கத்தில் யாரும் தெரியாமல் அணைத்துவிடவும் முடியாது. குறிப்பு வாசகத்தை மட்டும் அவர்களே திருத்துகிற மாதிரி ஒரு பக்கம் வைத்துவிடுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். சைட்டை ஒப்படைக்கிற அன்றைக்கு ஒரு மணி நேரம், மவுஸைத் தொடாமல், அதில் வேலை செய்யப்போகிறவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எங்கே நிற்கிறார், என்ன கேட்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். முதலாளி பக்கத்தில் அல்ல. முதலாளி ஒரு நாளும் உள்ளே வரமாட்டார். இதற்கென்று கொட்டேஷனில் தனி வரி போட்டுக் காசும் வாங்குங்கள். நான் வாங்குகிறேன், யாரும் முகம் சுளித்ததில்லை.

போன வாரம் அக்காவிடமிருந்து போன். என்ன உடைந்ததோ என்று பயந்துகொண்டே எடுத்தேன். “தம்பி, மூணாவது பெட்டியில கோரைக்கு வல்லின ற போட்டிருக்கீங்க. நானே மாத்திட்டேன், சும்மா சொல்லலாம்னு கூப்பிட்டேன்.”

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து உங்கள் தொழிலில் ஒருவன்