மேட்டை அள்ளிய பிறகும் வேலை இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட் குரோமியக் கழிவு மேடு பற்றிய செய்தியைப் படித்தேன். இரண்டு லட்சம் டன்னுக்கும் மேலான கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதே எல்லோருடைய பேச்சாகவும் இருக்கிறது. எனக்குக் கவலை அதன் அடியில் இருக்கும் தண்ணீரைப் பற்றி.

நான் புவி வேதியியல் படித்தவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் கழிந்தது. 1943 முதல் அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் தயாரிக்க எடுத்துக்கொண்ட இடம் அது. அங்கே வேலை என்றாலே மண்ணுக்கடியில் கதிரியக்கக் கழிவு நிரம்பிய 177 தொட்டிகளைப் பற்றித்தான் கேட்பார்கள். என்னை அலைக்கழித்ததோ ராணிப்பேட்டையில் இருக்கும் அதே ஹெக்சாவேலன்ட் குரோமியம்; தண்ணீரில் எளிதாகக் கரையும் நச்சு வடிவம் அது. அணு உலையைக் குளிர்விக்கும் தண்ணீரில், குழாய் அரிக்காமலிருக்க சோடியம் டைகுரோமேட் கலந்தார்கள். அது மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரோடு கொலம்பியா ஆற்றுக்குப் போனது. ஆற்றடிக் கூழாங்கல் இடுக்கில்தான் சால்மன் மீன் முட்டையிடும். நிலத்தடி நீர் ஊறி மேலே வருவதும் அதே இடுக்கில்தான்.

கரையோரக் கிணற்றில் எடுத்த தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். குப்பியில் சோதனைப் பொடியைப் போட்டுக் குலுக்கி ஐந்து நிமிடம் வைத்தால், குரோமியம் இருப்பதைக் காட்டி நாவற்பழச் சாறு விட்டதுபோல் நிறம் ஏறும். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று, வாலாஜாவில் எங்கள் வீட்டுக் கிணறுதான் கண்முன் வந்தது.

ஹான்ஃபோர்டில் ஓரிடத்தில் 85 அடி, நீர்மட்டம் தட்டும்வரை மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். இன்னோரிடத்தில் நிலத்துக்குள் ரசாயனம் செலுத்தி, குரோமியத்தைக் கரையாத வடிவுக்கு மாற்றும் தடுப்பு அமைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே சில கிணறுகளில் அது மறுபடி தலைகாட்டியது. கிணறு கிணறாக விடாமல் அளந்ததால்தான் அது தெரிந்தது. நீரை இறைத்து, குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகளில் செலுத்திச் சுத்தம் செய்யும் வேலையைப் பெருக்கினார்கள். கிணற்று அளவுகள் ஆண்டுதோறும் பொது அறிக்கையாக வெளிவருகின்றன.

மழை பெய்தால் மேட்டிலிருந்து மஞ்சளாகக் கசிவதை நம் ஊரார் பார்த்திருக்கிறார்கள். மஞ்சள் தண்ணீரை யாரும் குடிக்க மாட்டார்கள். குடிநீரில் குரோமியத்துக்கு நம் நாட்டு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அதைப்போல் இரண்டு மடங்கு இருந்தாலும் கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாது.

ஆகவே, லாரியில் கடைசி லோடு போனதும் கணக்கை மூடிவிட வேண்டாம். மேட்டைச் சுற்றியும் பாலாறு வரையும் கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். பருவமழைக்கு முன்னும் பின்னும், விவசாயக் கிணறுகளையும் சேர்த்து அளக்க வேண்டும். அந்த எண்களை ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுதிப் போட வேண்டும். சோதிக்க ஆள் இல்லை என்றால், பக்கத்துக் கல்லூரி வேதியியல் மாணவர்களுக்கு நானே வந்து சொல்லித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவி வேதியியலாளர்,
வாலாஜாபேட்டை.