கல்லடிப் பழைய பாலத்தில் அப்பாவைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு

போன செவ்வாய்க்கிழமை விடியக்காலை மட்டக்களப்பு கல்லடிப் பழைய பாலத்தில் சைக்கிளோடு சரிந்து விழுந்த பெரியவர் என் அப்பா. சீனி வருத்தம் உள்ளவர். ஊசி போட்டுவிட்டு, வந்து சாப்பிடலாம் என்று வெளிக்கிட்டிருக்கிறார். நடுப்பாலத்தில் சீனி இறங்கிக் கண் இருண்டுவிட்டது.

வீசின வலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்த அண்ணன்மார் இரண்டு பேருக்கும் முதல் நன்றி. அன்றைய மீன்பாடு உங்களுக்குப் போயிருக்கும்.

ரியூசனுக்குப் போய்க்கொண்டிருந்த தங்கச்சி, அப்பா வாய் குழறி "சீனி" என்றதும் பையிலிருந்த மைலோ பக்கெட்டைக் குடிக்கக் கொடுத்தாயாம். உடனே இனிப்புக் கொடுத்தது பெரிய காரியம் என்று போதனா வைத்தியசாலையில் டொக்டர் சொன்னார். அப்பாவுடைய போனில் என் நம்பரைத் தேடி, "அக்கா, ஐயா முழிப்பாத்தான் இருக்கிறார், பதறாம வாங்க" என்று சொன்னதும் நீதான். அந்தக் குரல் இன்னும் காதுக்குள் நிற்கிறது. காசு வேண்டாம் என்று போன ஓட்டோத் தம்பிக்கும், வார்டில் பார்த்த தாதியருக்கும் நன்றி.

அப்பா ரயில்வேயில் இருந்தவர். ஓட்டமாவடியில் ரயிலும் வாகனமும் ஒரே பாலத்தால் போன காலத்தை அடிக்கடி சொல்வார். அங்கே வீதிக்கு வேறு பாலம் வந்த பிறகு பழையது ரயிலுக்கென்றே ஆகிவிட்டது. கல்லடியில் 2013இல் ஜப்பான் உதவியோடு புதுப்பாலம் திறந்தபோது, வெள்ளைக்காரன் காலத்து இந்த இரும்புப் பாலத்தைக் கழற்றி விடுவார்களோ என்று அவருக்கு ஒரே கவலை. ஒற்றைப் பாதையில் பஸ்ஸும் லொறியும் முறை பார்த்துக் கடந்த பாலம். சுனாமியன்று நாங்கள் டவுனுக்கு ஓடிவந்ததும் இந்தப் பாலத்தால்தான். கழற்றவில்லை. நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் உதவட்டும் என்று அதை விட்டுவைத்த எல்லோருக்கும் என் நன்றி. அப்பா விழுந்தபோது பின்னால் பஸ் வரவில்லை, மனுசர்தான் வந்தார்கள். புதுப்பாலத்தில் விழுந்திருந்தால் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது.

இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டும், ஆள் யாரென்றுதான் தெரியவில்லை. அன்று பின்னேரம் அப்பாவின் லுமாலா சைக்கிள் எங்கள் படலையடியில் நின்றது. வளைந்த ஹாண்டில் நிமிர்த்தி, கழன்ற செயின் மாட்டி, எண்ணெயும் விட்டிருந்தது. அப்பா இப்போது சாப்பிட்டுவிட்டுத்தான் வெளிக்கிடுகிறார், ஆறரைக்குப் பாலத்தில் இருப்பார். கண்டால் மறித்து, நான்தான் என்று சொல்லுங்கள். வீட்டுக்குக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.