இரண்டு வகுப்புக்கு நடுவில் எங்கே போய் உட்காருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் எந்தப் படிப்பு எடுக்கலாம், எந்தப் பல்கலைக்கழகம் தரவரிசையில் எத்தனையாவது இடம், எதைப் படித்தால் உடனே வேலை என்று நாளிதழ்களில் பக்கம் பக்கமாக வருகிறது. நானும் அதையெல்லாம் கத்தரித்து வைத்துப் படித்துவிட்டுத்தான் ஒரு நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். இளங்கலை முடித்து, அங்கேயே இப்போது முதுகலை இரண்டாம் ஆண்டு. இத்தனை வருடத்தில் என் படிப்பை அதிகமாகப் பாதித்த விஷயம் நான் கத்தரித்து வைத்த எந்தப் பக்கத்திலும் இல்லை. ராத்திரி படுக்கிற இடத்துக்கும் வகுப்பறைக்கும் எவ்வளவு தூரம் என்பதுதான் அது. கேட்க அல்பமாக இருக்கலாம். ஆனாலும் இதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதல் வருடம் எனக்கு ஹாஸ்டலில் இடம் கிடைக்கவில்லை. நகரத்துக்கு நடுவில் இருக்கிற பல்கலைக்கழகங்களில் இது புதிதில்லை, சுற்றிலும் கட்டடங்கள், புதிதாகக் கட்ட நிலம் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது, ஆகவே சேர்க்கை மட்டும் கூடிக்கொண்டே போகும், படுக்கைகளின் எண்ணிக்கை அப்படியே நிற்கும். பக்கத்தில் அறை தேடினால் வாடகை தலையைச் சுற்ற வைத்தது. தள்ளிப் போகப் போக வாடகை குறையும், குறையக் குறைய நாம் ஏதோ சாமர்த்தியமாகப் பிழைத்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பும் வரும். அப்படித்தான் ஒன்றரை மணி நேரப் பயணத் தூரத்தில் ஓர் அறை பிடித்தேன். காலையில் ஒன்றரை, மாலையில் ஒன்றரை. "மூணு மணி நேரம்தானே, வண்டியிலேயே உட்கார்ந்து படிச்சுக்கலாம்" என்று வீட்டில் சமாதானம் சொன்னார்கள். உட்கார இடம் கிடைத்தால்தானே படிப்பதற்கு.

பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐரோப்பிய நாடுகளில் பொதுவாகப் பின்பற்றும் கிரெடிட் முறையில், முழுநேரப் படிப்புக்கு ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, சொந்தப் படிப்பு, அசைன்மென்ட், தேர்வுக்குத் தயாராவது எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஒரு கிரெடிட்டுக்கு 27 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1620 மணி. இப்போது என் பயணத்தைப் பாருங்கள்: நாளுக்கு 3 மணி, வாரத்துக்கு 5 நாள், வருடத்தில் 36 வாரம் வகுப்பு என்றால் 540 மணி. சரியாக மூன்றில் ஒரு பங்கு. அதாவது 20 கிரெடிட் அளவுக்கு நான் நின்றுகொண்டே பயணம் செய்திருக்கிறேன், அதற்கு மதிப்பெண் சான்றிதழில் ஒரு வரிகூட இல்லை. ஹாஸ்டலில் இருந்து ஐந்து நிமிடத்தில் நடந்து வருகிற மாணவருக்கும் எனக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே கடைசித் தேதி.

பயணத்தையாவது பழகிக்கொள்ளலாம். எனக்குப் பழகாதது வகுப்புகளுக்கு நடுவில் விழும் ஓட்டை. காலை ஒன்பது மணிக்கு ஒரு வகுப்பு, பத்தரைக்கு முடிந்துவிடும், அடுத்து லேப் மூன்று மணிக்கு. நடுவில் நாலரை மணி நேரம். அறைக்குப் போய்த் திரும்பினால் அதில் மூன்று மணி நேரம் வண்டியிலேயே போய்விடும், ஆகவே போக முடியாது. நூலகம் இருக்கிறதே என்பீர்கள். சாதாரண நாளில் சரி, தேர்வு நெருங்கினால் எட்டு மணிக்கே ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பை உட்கார்ந்திருக்கும், பைக்குச் சொந்தக்காரர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. கேன்டீனில் ஒன்றும் வாங்காமல் எவ்வளவு நேரம்தான் உட்கார முடியும். காலியான வகுப்பறை கண்டுபிடித்து உட்கார்ந்தால் இருபது நிமிடத்தில் ஒரு கூட்டம் உள்ளே வந்து நம்மை வினோதமாகப் பார்க்கும். கடைசியில் மூன்றாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில், வேலை செய்கிற பிளக் பாயிண்ட் இருக்கிற ஒரு சுவரைக் கண்டுபிடித்தேன். முதல் வருடப் பாடத்தில் பாதி அந்தச் சுவரில் சாய்ந்து படித்ததுதான். லேப் கோட், லேப்டாப், சார்ஜர், இரண்டு தடித்த புத்தகம், குடை என்று அன்றைக்கு வேண்டியது மொத்தமும் முதுகில். பூட்டி வைக்க ஒரு லாக்கர் இருந்திருந்தால் போதும். பல்கலைக்கழகத்தின் விளம்பரக் கையேட்டில் நீரூற்றின் படம் இருந்தது, லாக்கரைப் பற்றி ஒன்றும் இல்லை.

"நாங்கள் அந்தக் காலத்தில் எத்தனை மைல் நடந்து போய்ப் படித்தோம் தெரியுமா" என்று பெரியவர்கள் சொல்வார்கள். தெரியும், மரியாதையும் உண்டு. ஆனால் உடம்புக் கஷ்டத்தைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. வகுப்பு முடிந்த பிறகு நடக்கிற படிப்பு ஒன்று இருக்கிறது. பேராசிரியர் புத்தகத்தை மூடிவிட்டு வராந்தாவில் நின்று பேசுகிற பத்து நிமிடம், மாலை ஆறு மணிக் கருத்தரங்கு, "ஏழு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்து அசைன்மென்ட்டை முடிச்சிடலாம்" என்கிற குழு, ஒரு காரணமும் இல்லாமல் சீனியரோடு பேசிக்கொண்டிருக்கும்போது தெரியவரும் உதவித்தொகை அறிவிப்பு. இதெல்லாம் நான் வண்டியைப் பிடிக்க ஓடிய பிறகு நடந்தவை. மறுநாள் வந்தால் முடிவாகிவிட்ட ஒரு விஷயத்தை வாட்ஸ்அப் குரூப்பில் படித்துத் தெரிந்துகொள்வேன். ஒரு செமஸ்டர் முழுக்க என் துறைத்தலைவருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது.

மாணவர்கள் ஏன் நடுவில் நின்றுவிடுகிறார்கள் என்று ஆராய்ந்தவர்களில் வின்சென்ட் டின்டோ முக்கியமானவர். பாடத்தோடும் அங்குள்ள மனிதர்களோடும் எவ்வளவு ஒட்டிக்கொள்கிறார்கள் என்பதும் காரணம் என்று 1975இல் அவர் எழுதியது இன்றைக்கும் பேசப்படுகிறது. பத்து வருடம் கழித்து, 1985இல், பீன், மெட்ஸ்னர் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியில் தங்கி வந்துபோகும் மாணவர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். இவர்களுக்கு வளாகத்து நட்பைவிட, வேலை நேரம், வீட்டுப் பொறுப்பு, பணம் போன்ற வெளிக் காரணங்கள்தான் அதிகம் கனக்கும் என்பது அவர்கள் வாதம். என் வகுப்பில் முதல் வருடத்தோடு நின்றுபோன ஒரு பையனை வைத்துப் பார்த்தால் இரண்டு தரப்பும் சொன்னது சரிதான். நன்றாகப் படிப்பவன். ராத்திரி ஷிப்ட் வேலை, காலையில் கடைசி வரிசையில் கண் சொருகும். அவன் வராமல் போனதை நாங்கள் கவனிக்கவே மூன்று வாரம் ஆனது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாம் வருடம் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறைக்கு மாறினேன். நான்கு பேருக்கு ஒரே அறை, ஒருத்திக்கு ராத்திரி இரண்டு மணிக்குத்தான் படிப்பு ஏறும், இன்னொருத்திக்கு ஐந்து மணிக்கே அலாரம், தனிமை என்ற சொல்லையே மறந்துவிட வேண்டியதுதான். ஆனாலும் என் மதிப்பெண்கள் ஏறின. நான் திடீரென்று புத்திசாலி ஆகிவிடவில்லை, வாரத்துக்குப் பதிமூன்று பதினான்கு மணி நேரம் கைக்குத் திரும்பி வந்தது, அவ்வளவுதான். அறை மாறியதில் பட்ட அடிகளும் உண்டு. முதலில் ஒரு வீட்டின் படங்களை மட்டும் போனில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் அனுப்பினோம், போய்ப் பார்த்தால் அப்படி ஓர் அறையே அங்கே இல்லை, வாங்கினவர் போனையும் எடுக்கவில்லை. ஆகவே புதிதாக வருகிறவர்கள் தயவுசெய்து நேரில் போய்ப் பார்க்காமல், அல்லது நம்பிக்கையான ஒருவரை அனுப்பிப் பார்க்காமல், ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள். குடியேறும் அன்றே சுவர், குழாய், ஜன்னல் எல்லாவற்றையும் படம் எடுத்துத் தேதியோடு வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள், காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் பேச்சு வந்தால் அதுதான் கைகொடுக்கும். ஒப்பந்தத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், மற்ற மூன்று பேரும் கழன்றுகொண்டாலும் முழு வாடகைக்கும் அந்த ஒருவர்தான் பொறுப்பு.

மாணவர், வாடகை, நகரம் என்ற இந்தத் தகராறு நேற்று முளைத்ததில்லை. 1229இல் பாரிஸ் நகரத்தில் ஒரு மதுக்கடைப் பில் பற்றிய வாய்த்தகராறு கலவரமாகி, காவலர்கள் மாணவர்கள் சிலரைக் கொன்றுவிட்டார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் வகுப்புகளை நிறுத்திவிட்டு நகரத்தைவிட்டே கிளம்பிவிட்டார்கள், ஏறக்குறைய இரண்டு வருடம் பாடமே நடக்கவில்லை. 1231இல் போப் ஒன்பதாம் கிரகோரி ஓர் ஆணை வெளியிட்டுச் சமாதானம் செய்து வைத்தார். அந்த ஆணையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: மாணவர் தங்கும் இடங்களின் வாடகைக்கு உச்சவரம்பு வைக்கும் உரிமையைப் பறித்தால், பல்கலைக்கழகம் பாடங்களை நிறுத்தி வைக்கலாம். எட்டு நூறு வருடத்துக்கு முன்னால் வாடகை என்பது பல்கலைக்கழகத்தின் சொந்தப் பிரச்சினையாக இருந்திருக்கிறது! அதே பாரிஸில், முதல் உலகப்போருக்குப் பிறகு மாணவர்களுக்குத் தங்க இடமில்லாமல் போனபோது, பல நாட்டு மாணவர்களுக்காக 1925இல் ஒரு தனிக் குடியிருப்பு நகரையே தொடங்கினார்கள், இன்றைக்கும் அது இயங்குகிறது. இப்போது பல இடங்களில் கேட்டால், "தங்குவது உங்கள் சொந்த ஏற்பாடு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

நகரம் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்து கெட்டுப்போக நேரமிருந்த டே ஸ்காலர் யாரும் இல்லை. உண்மையில் நகரம் எனக்கு நிறையக் கொடுத்தது. நீதிமன்றத்தில் பொதுமக்கள் வரிசையில் உட்கார்ந்து ஒரு வழக்கு விசாரணையை முழுதாகப் பார்த்திருக்கிறேன், ஆவணக் காப்பகத்தில் நூறு வருடப் பழைய தாளைக் கையுறை போட்டுத் தொட்டிருக்கிறேன், நாங்கள் பாடத்தில் படித்துக்கொண்டிருந்த ஒருவரே வந்து பேசிய பொது உரையை இலவசமாகக் கேட்டிருக்கிறேன். நான் யார், எந்த வீட்டுப் பெண் என்று யாரும் விசாரிக்காத ஒரு சுகமும் இங்கே உண்டு. அதே சுகம் காய்ச்சலில் படுத்த அன்றைக்கு வேறு மாதிரி இருக்கும், காலையிலிருந்து ராத்திரிவரை ஒருவர்கூட நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடாத நாள் என்று ஒன்று வரும். இந்த நல்லது எல்லாவற்றையும் நான் அனுபவித்தது பக்கத்தில் குடிவந்த பிறகுதான். தூரத்தில் இருந்த வருடம் நகரத்தைப் பார்த்ததெல்லாம் ஜன்னல் வழியாக, அதுவும் கூட்டம் மறைக்காத நாளில்.

சரி, என்ன செய்யலாம்? ஹாஸ்டல் கட்டுங்கள் என்று சொல்வது எளிது, பணமும் வருடங்களும் ஆகும் வேலை அது, நான் படித்து முடிப்பதற்குள் நடக்காது. ஆனால் கால அட்டவணையைத் திருத்தக் காசு வேண்டாம். ஒன்பது மணி வகுப்புக்கும் மூன்று மணி லேபுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை மூடுங்கள், ஒரு வகுப்புக்காக மட்டும் ஒரு முழு நாள் வரவழைக்காதீர்கள், முடிந்தால் வாரத்தின் பாடங்களை நான்கு நாளுக்குள் அடக்குங்கள். ஆசிரியர்களின் நேரம், அறைகளின் எண்ணிக்கை என்று அதிலும் சிக்கல் இருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் அட்டவணை போடுகிறவர் ஒருமுறையாவது, "இந்தப் பிள்ளைகள் நடுவில் எங்கே போவார்கள்?" என்று கேட்டுக்கொண்டாரா என்று எனக்குச் சந்தேகம். அப்புறம் வகுப்பு இல்லாத அறைகளைத் திறந்து வைத்து, "இப்போது காலி" என்று கதவில் ஒரு தாள் ஒட்டினால்கூடப் போதும்.

உங்களிடம் கேட்பது இன்னும் எளிது. சேர்க்கைக் காலச் சிறப்புப் பக்கங்களில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பெயருக்குப் பக்கத்திலும் தரவரிசை எண்ணைப் போடுகிறீர்கள் இல்லையா, அதற்குக் கீழேயே இன்னும் கொஞ்சம் கேட்டு எழுதுங்கள். முதலாம் ஆண்டு சேர்கிறவர்களில் எத்தனை பேருக்கு ஹாஸ்டலில் இடம்? நூலகம் ராத்திரி எத்தனை மணி வரை, விடுமுறை நாளில் உண்டா? வெளியில் தங்கி வருகிறவர்களுக்கு உட்காரும் அறையும் லாக்கரும் இருக்கிறதா? கடைசி வகுப்பு முடிகிற நேரத்துக்கும் கடைசி வண்டிக்கும் எவ்வளவு இடைவெளி? அதிகாரிகள் முதலில் மழுப்புவார்கள். இரண்டு வருடம் விடாமல் கேட்டால் மூன்றாம் வருடம் அவர்களே அச்சடித்துக் கொடுப்பார்கள்.

இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால் சேர்க்கை முடிவுகள் வருவதற்கு முன்பே வெளியிடுங்கள். முடிவு வந்த நாலைந்து நாளில் பக்கத்து அறைகள் எல்லாம் போய்விடும், அப்புறம் ஒன்றரை மணி நேரத் தூரத்தில்தான் கிடைக்கும்.

இப்படிக்கு,
முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி
(பெயர் வெளியிட வேண்டாம்)